புஷ்பம் அக்கா தேர்ந்தெடுத்த தரை

என் அக்கா புஷ்பம் அறுபத்தைந்து வயது வரை தனக்கென்று எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. முதல்முறையாக அந்த வாய்ப்பு அவளுக்கு ஒரு மரத்தரையின் வடிவத்தில் வந்தது. அதை நான் கெடுத்தேன். கெடுத்தவளே சொல்வதுதான் நியாயம் என்று எழுதுகிறேன்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது அப்பா. பீர்க்கன்கரணையில் மனை பார்த்தது அத்தான். ஏரிக்குப் பக்கம், நல்ல காற்று வரும் என்றார். காற்றோடு கொசுவும் வந்தது, அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளுக்கு ஜெரூஷா என்று பெயர் வைத்தது பாஸ்டர். பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் டீச்சராக இருந்தாள். ஒவ்வொரு ஜூன் மாதமும் எந்த வகுப்பு வேண்டும் என்று எல்லா டீச்சர்களும் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சண்டை போடுவார்கள். அக்கா போகமாட்டாள். யாரும் வேண்டாமென்று விட்ட மூன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவு வருடாவருடம் அவளுக்கு வந்து சேரும். புடவைக் கடையில்கூட "உனக்கு எதுடி பிடிச்சிருக்கு?" என்று என்னைத்தான் கேட்பாள். நாற்பது வருடமாக அவள் கட்டுவதெல்லாம் நான் எடுத்த புடவை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அத்தான் ஜெபராஜ் கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாகப் பார்க்கின்சன். எல்லோரும் கை நடுக்கம் என்று நினைக்கிறார்கள். அவருக்கு நடுக்கம் கொஞ்சம்தான், கால்தான் பிரச்சினை. நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். போக வேண்டும் என்று மனசு சொல்லும், உடம்பு முன்னால் சாயும், கால் மட்டும் வராது. கதவு நிலையைக் கண்டால் நிச்சயம் நின்றுவிடுவார்.

இதற்கு ஒரு வழியைப் பிசியோதெரபி செய்யும் பெண் சொல்லிக்கொடுத்தாள். காலுக்கு முன்னால் குறுக்கே ஏதாவது இருந்தால் போதும், ஒரு கோடு, ஒரு குச்சி, எதுவானாலும் சரி. அதைத் தாண்ட வேண்டும் என்று நினைத்ததும் ஒட்டியிருந்த கால் எழுந்துவிடும். முதலில் எனக்கு நம்பிக்கை இல்லை, நேரில் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அன்றிலிருந்து அக்காவின் கால்தான் அந்தக் குச்சி. அவர் பக்கத்தில் நின்று தன் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைப்பாள். "தாண்டுங்க" என்பாள். தாண்டுவார். அடுத்து மறுபடியும் வைப்பாள். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் பதினான்கு அடி. போகப் பதினான்கு, வரப் பதினான்கு. பகலில் ஏழெட்டு முறை, ராத்திரியில் நான்கு முறை. அவளுக்கே இரண்டு முழங்காலும் தேய்ந்து கிடக்கின்றன. இரண்டு வருடமாக அவள் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. அத்தானைப் பற்றி எனக்குக் கவலை இருந்தது. அக்காவைப் பற்றி இருந்தது பயம்.

நடுவில் டைல்ஸ் மேல் கலர் டேப் ஒட்டிப் பார்த்தாள். ஒரு மாதம் பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் தரையைத் துடைக்கத் துடைக்க டேப் உரியும். மூன்று நாளைக்கு ஒருமுறை அந்த முழங்காலோடு தரையில் உட்கார்ந்து புதுசாக ஒட்டுவாள். ஒரு நாள் சுருண்டிருந்த முனை செருப்பில் மாட்டி அத்தான் விழுந்துவிட்டார். நெற்றியில் நான்கு தையல். டைல்ஸ் பளபளப்பு வேறு அவர் கண்ணுக்குத் தண்ணீர் மாதிரித் தெரிகிறதாம், அதை முதலில் எடுங்கள் என்றார் டாக்டர்.

மெல்போர்னில் இருக்கும் ஜெரூஷாதான் யோசனை சொன்னாள். "சித்தி, பெட்ரூம்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் மரத்தரை போட்டுடலாம். டிசைன் மரத்துலயே இருக்கும், உரியாது. செலவு நான் பாத்துக்கறேன்." நல்ல யோசனைதான். மாடி வீடு என்பதால் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் பயமும் இல்லை. கெட்டிக்காரப் பெண். அங்கிருந்து யோசனை அவள் சொல்வாள், இங்கே அலைவது அவள் அம்மா.

கீழ் வீட்டில் குடியிருக்கும் ஸ்ரீவித்யாவை அத்தானுக்குத் துணை வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் பெயர் ஷ்யாம்சுந்தர். ஏ.சி.யைக் கூட்டி, காபி வரவழைத்து, தேக்குக் கட்டைகளைத் தரையில் பரப்பிக் காட்டினார். ஒரு முழ நீளத்துக்குச் சின்னச் சின்னக் கட்டைகள். அடுக்குகிற விதத்தில்தான் டிசைன் வருகிறது. முதலாவது, கட்டைகளைச் சாய்த்துச் சாய்த்துக் கோக்கும் மீன்முள். ஜெரூஷா போட்டோ அனுப்பியிருந்ததும் அதுதான், பார்த்தவுடன் எனக்கும் பிடித்துப்போனது. இரண்டாவது கூடைப்பின்னல். மூன்றாவதை அவர் ஒரு மூலையிலிருந்து அரை மனசாக எடுத்துவந்து நீளமாகப் பரப்பினார். வெளிர்நிறக் கட்டைகள் நீளவாட்டில் போகும். ஒவ்வொரு அடி தூரத்துக்கும் ஒரு கருப்புக் கட்டை குறுக்கே வரும். ஏணி டிசைன்.

"இத யாரும் கேக்கறதில்ல மேடம். ஹாஸ்டல் வராண்டால போடுவாங்க. சும்மா காட்டறேன்" என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு மேடம்?" என்று கேட்டார்.

பழக்க தோஷத்தில் அக்கா என்னைப் பார்த்தாள். நான் மீன்முள்ளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணி மேல் நடந்துகொண்டிருந்தாள். அத்தான் நடப்பது போலவே முதுகை வளைத்து, சின்னச் சின்ன அடியாக, கருப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்தாள்.

"இது நல்லாருக்கு ஹெப்சி" என்றாள், மிகவும் மெதுவாக.

"இதுவா? கோடவுன் மாதிரி இருக்குக்கா" என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் இழுபறி. ஜெரூஷா தினமும் போனில் மீன்முள் என்றாள். "அப்பாவுக்குக் கோடுதானே வேணும்? இதுலதான் கோடு ஜாஸ்தி." எனக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு கோடு ஒரு அடிக்கு உதவினால் நூறு கோடு நூறு மடங்கு உதவாதா என்று கணக்குப் போட்டேன். அக்கா "ஏணி" என்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கு விளக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் புரிய வைத்தவள், எங்கள் இருவருக்கும் முன்னால் வாயடைத்துப்போவாள். கடைசியில் "உங்க இஷ்டம்" என்பாள். மறுநாள் மறுபடி "ஏணின்னா..." என்று ஆரம்பிப்பாள்.

இதற்குள் அவள் முகம் என்னால் பார்க்க முடியாதபடி ஆகிவிட்டது. ஞாயிறு ஆராதனையில், கோவிலில் எல்லோரும் எழுந்து பாமாலை பாடும்போது, முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இவள் ஒரு முடிவெடுத்துத் தொலைத்தால் இந்நேரம் தரை போட்டு முடித்திருக்கலாமே என்ற கோபம்.

"சீட்டு போட்டுரலாம்க்கா" என்றேன்.

எங்கள் சபை ஆட்களில் இது உண்டு. எந்தக் காலேஜ், எந்த வரன் என்று மனிதர்களால் முடிவு செய்ய முடியாதபோது ஜெபம் பண்ணிச் சீட்டு எடுப்போம். வருவதை ஆண்டவர் பதிலாக எடுத்துக்கொள்வோம். இரண்டாம் தரம் எடுக்கக் கூடாது, எடுத்தால் அவரையே சந்தேகப்பட்ட மாதிரி. நான் சொன்னதும் அக்காவின் முகம் லேசானது. இந்தத் தடவையும் வேறு யாரோ முடிவு செய்துவிடுவார்கள் என்ற நிம்மதி அது.

"நீயே எழுது. நான் அத்தானுக்கு மாத்திரை குடுத்துட்டு வரேன்" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூன்று டிசைனுக்கு மூன்று துண்டுக் காகிதம் கிழித்தேன். முதல் சீட்டில் மீன்முள் என்று எழுதினேன். இரண்டாவதிலும் மீன்முள். மூன்றாவதை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. அதிலும் மீன்முள்.

ஏன் செய்தேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். சீக்கிரம் முடியட்டும் என்றுதான், அக்கா தூங்கட்டும் என்றுதான் என்று எனக்கே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் பாதி. எனக்கு மீன்முள் பிடித்திருந்தது, அக்காவுக்கு எது நல்லது என்று அவளைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நாற்பது வருடம் அவளுக்குப் புடவை எடுத்தவளின் திமிர்.

அக்கா கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். அத்தான் சீட்டுகள் இருந்த கிண்ணத்துக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தார். அக்கா பிரித்து, "மீன்முள். சரி, ஆண்டவர் சொல்லிட்டார்" என்றாள். மற்ற இரண்டு சீட்டையும் நான் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு குரோம்பேட்டையில் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மரம் போட வந்தவர் பம்மலைச் சேர்ந்த டேனியல். ஏரிக்காற்றின் ஈரத்துக்கு மரம் பழக வேண்டும் என்று கட்டைகளை ஐந்து நாள் வீட்டுக்குள்ளேயே அடுக்கி வைத்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பசை தடவாமல் சும்மா அடுக்கிக் காட்டினார். திங்கட்கிழமை ஒட்டிவிடலாம் என்றார். பார்க்க அவ்வளவு அழகு. நான் போட்டோ எடுத்து உடனே ஜெரூஷாவுக்கு அனுப்பினேன்.

அக்கா அத்தானைக் கைபிடித்து அழைத்துவந்தாள். விளிம்பில் நின்றார். கீழே பார்த்தார். வலது காலைக் கொஞ்சம் தூக்கினார், வைத்துவிட்டார். இடது காலைத் தூக்கினார், வைத்துவிட்டார். கோடுகள் இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடி, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அவர் கண் அவற்றின் பின்னாலேயே போய்த் திரும்பியது.

"புஷ்பம், எந்தக் கோடு?" என்று கேட்டார்.

அக்கா வழக்கம்போல் தன் பாதத்தைக் குறுக்கே வைத்தாள். அத்தனை கோடுகளுக்கு நடுவே அவள் பாதமும் அவருக்குத் தெரியவில்லை. டைல்ஸ் மேலாவது அது தெரிந்தது. கால்மணி நேரம் நின்றார். அடக்க முடியாமல் வேட்டி நனைந்துவிட்டது. அந்த நல்ல மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

டேனியல் கதவோரமாக வந்து என்னிடம் கிசுகிசுத்தார். "இன்னா மேடம், சாருக்கு இது ஒத்துக்கல போல கீதே. ஒட்டிட்டா அப்பறம் பேத்தெடுக்க முடியாது, சொல்லிட்டேன்."

"எடுத்துரலாம்க்கா" என்றேன்.

"வேணாம் ஹெப்சி" என்றாள் அக்கா. அத்தானுக்கு வேட்டி மாற்றிக்கொண்டே சொன்னாள். "சீட்டுல வந்தது. நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. போகப் போகப் பழகிடும்."

வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவை வாங்கிக்கொள்கிற குரல்தான் அது. நான் எழுதிய பொய்ச் சீட்டுக்காக இவள் சாகிற வரைக்கும் இந்தத் தரையில் பதினான்கு பதினான்காகக் கால் வைக்கப்போகிறாள், அதை ஆண்டவர் கொடுத்தது என்று வேறு நினைக்கப்போகிறாள். அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை முழுக்கத் தலைவலி என்று படுத்துக்கிடந்தேன்.

ஞாயிறு திருவிருந்து ஆராதனை. எல்லோரும் அப்பமும் ரசமும் வாங்க வரிசையாகப் பீடத்துக்குப் போனார்கள். மனசில் பொய்யை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது, நான் பெஞ்சைவிட்டு எழவில்லை. சின்ன வயதில் திடப்படுத்தல் எடுத்து முதல் திருவிருந்து வாங்கிய நாளிலிருந்து நான் அப்படி உட்கார்ந்திருந்ததில்லை. திரும்பி வரும்போது அக்கா என்னைப் பார்த்தாள்.

ஆராதனை முடிந்ததும் சைக்கிள் ஷெட்டின் நிழலுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். "ஏன் போகல? உடம்பு சரியில்லையா?"

"சீட்டுல நான் ஏமாத்திட்டேன்க்கா."

அவளுக்குப் புரியவில்லை. நான் கைக்குட்டையைப் பிரித்து இரண்டு சீட்டையும் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றைப் படித்தாள். மற்றதையும் படித்தாள்.

"மூணுலயுமா?"

"மூணுலயும்."

"ஒண்ணுலகூட ஏணி எழுதலையா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு விரலால் தேடித் தேடி டேனியலைக் கூப்பிட்டாள்.

"நான் பீர்க்கன்கரணை புஷ்பம் டீச்சர் பேசறேன். நாளைக்கு அத ஒட்டாதீங்க. ஏணி மாதிரி மாத்திப் போடணும்."

அந்தப் பக்கத்திலிருந்து அவர் சத்தம் எனக்கே கேட்டது. "பேஜார் பண்றீங்களே டீச்சர்! கருப்புக் கட்டைக்கு மறுபடி கடைக்குப் போவணும். வூட்டுல எல்லாருகிட்டயும் கேட்டுட்டீங்களா?"

"யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. நான்தான் சொல்றேன்" என்றாள் அக்கா.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "நீ ஷேர் ஆட்டோ பிடிச்சுப் போயிக்கோ" என்று சொல்லி நடந்தாள். அறுபது வருடத்தில் முதல்முறையாக என் அக்கா என்னோடு பேசாமல் இருந்தாள், ஒன்பது நாள். அவளைத் தேடிப் போகவும் எனக்கு முகம் இல்லை. வேலை நடக்கிறது என்பதை ஸ்ரீவித்யாவிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பத்தாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். "மத்தியானம் சாப்பிட வா. வஞ்சிரம் வாங்கியிருக்கேன்" என்றாள்.

வீட்டில் வார்னிஷ் வாசனை. கட்டில் காலடியிலிருந்து கதவு நிலையைத் தாண்டிப் பாத்ரூம் வாசல் வரைக்கும் தரை ஒரே ஓட்டமாகப் போனது. அடிக்கு ஒன்றாகக் கருப்புக் கட்டைகள் குறுக்கே. உண்மையைச் சொன்னால் இப்போதும் எனக்கு அது கோடவுன் மாதிரிதான் இருந்தது. வீடியோ காலில் பார்த்த ஜெரூஷா, "என்னம்மா, ஹாஸ்டல் மாதிரி இருக்கு" என்று சிணுங்கினாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் அக்கா. அவ்வளவுதான், ஜெரூஷா வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

சாப்பிட்டு முடித்து, மூவரும் பெட்ரூமில் இருந்தோம். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு அப்படியேதான் இருந்தது. நாலு நாளாக அவர் நடப்பதாகவும், ஆனாலும் விழுந்துவிடுவாரோ என்று தானும் ஒவ்வொரு முறையும் கூடவே போவதாகவும் சொன்னாள். இது எத்தனை நாளைக்கு உதவும் என்று டாக்டர் சொல்லவில்லையாம். ஒரு வருடமா, இரண்டு வருடமா தெரியாது. நோய் நின்று காத்துக்கொண்டிருக்கப்போவதில்லை.

அத்தான் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். அக்கா மடித்த துணியைப் போட்டுவிட்டு, ஒரு கையை முழங்காலில் ஊன்றி எழப்போனாள். அவர் அவள் தோளில் கைவைத்து அழுத்தினார்.

"நீ உக்காரு புஷ்பம். நான் போயிட்டு வரேன்" என்றார்.

வேலையில் இருந்த காலத்தில் தினமும் காலையில், பெருங்களத்தூரில் ஆறு நாற்பது ரயிலைப் பிடிக்க ஓடும்போது, கேட்டைச் சாத்திக்கொண்டே அவர் சொல்லும் வார்த்தை அது. நோய் வந்த பிறகு அதைச் சொல்ல அவருக்கு அவசியம் இருக்கவில்லை. அவள் இல்லாமல் அவர் எங்கேயும் போகவில்லையே, யாரிடம் சொல்லிக்கொள்வது? இப்போது பதினான்கு அடி தூரத்துக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

முதல் கருப்புக் கட்டைக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். கால் எழுந்தது. தாண்டினார். அடுத்தது. அதற்கடுத்தது. கதவு நிலை வந்தபோது நானும் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அங்கேயும் ஒரு கருப்புக் கட்டை இருந்தது, அதையும் தாண்டினார். பாத்ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, பிறகு குழாய்ச் சத்தம்.

அக்கா அழுதாள். மடித்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த உரிமை எனக்கு இன்னும் திரும்பி வந்ததா என்று தெரியாததால் இருந்த இடத்திலேயே இருந்தேன். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

அத்தான் திரும்பிவரப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் அக்கா துணிக்குவியல் மேல் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள், வாய் திறந்தபடி, கால் இரண்டும் கீழே தொங்க. நான் எழுப்பிச் சரியாகப் படுக்கவைக்கலாம் என்று எழுந்தேன். கதவு நிலையைத் தாண்டி வந்த அத்தான் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

நான் சத்தம் போடாமல் உட்கார்ந்து, அவள் தலைக்கு அடியில் சிக்காத துணிகளை மட்டும் எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.